அணுவும் மலையும்: நின்றுபோன ஒரு வாதம்

1

2018 மார்ச் 31 அன்று மதுரையில் ஒரு மனிதர் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டார். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் வரவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கு எதிரான நடைபயணம் தொடங்கிய நாள் அது. கட்சித் தொண்டரான அவர் அடுத்த சில நாட்களில் மருத்துவமனையில் இறந்துபோனார்.

நியூட்ரினோ என்பது அணுவைவிடப் பல மடங்கு சிறிய துகள். அதற்கு மின்னூட்டம் கிடையாது. நிறை உண்டு, ஆனால் இருக்கிறதா என்று சந்தேகப்படுகிற அளவுக்குத்தான். சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு விநாடியும் ஒரு நகத்தளவு இடத்தில் ஆறாயிரம் கோடிக்கு மேல் வந்து விழுகின்றன. நம் உடம்பு, தரை, பூமி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுகின்றன. அனேகமாக எதையும் தொடாத ஒரு துகளின் பேரில் இங்கே ஒரு உயிர் போயிருக்கிறது.

இதற்குத் தயாராக இரண்டு விளக்கங்கள் உண்டு. சனங்களுக்கு விஞ்ஞானம் தெரியாது, அரசியல்வாதிகள் கிளப்பிவிட்டார்கள் என்பது ஒன்று. விஞ்ஞானம் என்பதே அதிகாரத்தின் சொல்லாடல், ஆகவே மக்களின் அச்சம் தன்னளவிலேயே உண்மை என்பது இன்னொன்று. முதலாவதை ஆங்கில நாளிதழ்களில் படித்தோம். இரண்டாவதை நம்முடைய கூட்டங்களில் கேட்டோம். இரண்டுமே யோசிப்பதைத் தவிர்ப்பதற்கான வழிகள். 'அணு' என்ற சொல் தமிழில் எந்தெந்தச் சபைகளில், யார் யார் வாயில் புழங்கி வந்திருக்கிறது, எந்த இடத்தில் அது வாதத்திலிருந்து விலகிக் கட்டளையாகவும் பீதியாகவும் ஆனது என்று பார்ப்பதே இங்கே நோக்கம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

2

மணிமேகலையின் 27ஆம் காதைக்குச் 'சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை' என்று பெயர். ஆண் துறவியின் வேடத்தில் வஞ்சி நகருக்குள் போகும் மணிமேகலை, ஒவ்வொரு சமயவாதியாகப் பார்த்து 'உன் கொள்கையைச் சொல்' என்று கேட்கிறாள். ஆசீவகனின் முறை வருகிறது. அவன் அணுவைப் பற்றிப் பேசுகிறான்.

நிலம், நீர், தீ, காற்று என நால்வகை அணுக்கள், ஐந்தாவதாக உயிர். அணு புதிதாகத் தோன்றுவதில்லை, அழிவதுமில்லை. ஒன்றாக இருப்பது இரண்டாகப் பிளவுபடாது. ஓர் அணுவுக்குள் இன்னோர் அணு புகாது. ஆனால் அணுக்கள் கூடும், பிரியும். நெருங்கிக் கூடினால் வைரம், இடைவெளிவிட்டுக் கூடினால் மூங்கில். நிலம் ஒன்று என்றால் நீர் முக்கால், தீ அரை, காற்று கால் என்று கலப்புக்கு ஒரு விகிதமும் சொல்கிறான். சரி, அணுவைக் கண்ணால் பார்க்க முடியுமா? தெய்வக்கண் உடையவருக்குத் தனியணு தெரியும். மற்றவர்களுக்குத் திரள்தான் தெரியும். இதற்கு அவன் தரும் உவமை எளிமையானது: மாலை மங்கலில் ஒற்றை மயிர் கண்ணுக்குப் படாது, கற்றையாக இருந்தால் தெரியும்.

மணிமேகலை இதை ஏற்கவில்லை. அடுத்த வாதியிடம் போய்விடுகிறாள். நமக்கு முக்கியம் வேறொன்று. ஆசீவகர்களின் சொந்த நூல் ஒன்றுகூட இன்று கிடையாது. அவர்களுடைய அணுக்கொள்கை நம் கைக்கு வந்திருப்பது அவர்களை மறுத்தவர்களின் வழியாக: பௌத்தப் பிரதியான மணிமேகலை, சமணப் பிரதியான நீலகேசி, சைவப் பிரதியான சிவஞான சித்தியாரின் பரபக்கம். ஏ.எல். பாஷம் 1951இல் ஆசீவகர்களின் வரலாற்றை எழுதியபோது அவர்களுடைய தத்துவத்தை மீட்டுக் கட்ட இந்த மூன்று தமிழ் நூல்களையே பெரிதும் நம்பவேண்டியிருந்தது. எதிராளியின் கட்சியை அவனே ஒப்புக்கொள்ளும்படி முதலில் எடுத்துச் சொல், பிறகு மறு. பரபக்கம், சுபக்கம் என்ற ஏற்பாடு இதுதான். இந்த ஒழுக்கம் இல்லாமற்போயிருந்தால் தமிழில் அணுவுக்கு ஒரு வரலாறே இருந்திருக்காது.

இதைப் பொற்காலமாக ஆக்கிவிடவும் வேண்டாம். அந்தச் சபைகளில் உழுகிறவனும் தோண்டுகிறவனும் வாதியாக நின்றதில்லை. ஆசீவகனின் அணுக்கொள்கை, எல்லாம் கருவிலேயே தீர்மானமாகிவிட்டது என்ற ஊழ்க்கொள்கையோடு சேர்ந்தே வருகிறது. அதைப் புரட்சிகரம் என்று தூக்கிக்கொண்டாட முடியாது. மதுரைக்கு வாதத்தைப் பற்றிய இன்னொரு நினைவும் இருக்கிறது. அனல்வாதத்திலும் புனல்வாதத்திலும் தோற்ற எண்ணாயிரம் சமணர்கள் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. நடந்ததா, கட்டியதா என்பது வேறு விவாதம். எதிராளியின் வாதத்தைப் பாதுகாத்துக் கொடுத்த மரபும் எதிராளியைக் கழுவில் ஏற்றிப் பார்த்த கற்பனையும் ஒரே மண்ணில் இருந்திருக்கின்றன என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

3

ஆசீவகனின் அணுவுக்கு உள்ளே எதுவும் இல்லை. பிளக்க முடியாததுதான் அணு. கிரேக்கர்கள் வைத்த 'அட்டம்' என்ற பெயருக்கும் அதுவே பொருள். இந்த நம்பிக்கை உடைந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1897இல் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டார். அணுவைவிட மிக இலேசான, எதிர்மின்னூட்டம் கொண்ட துகள். அப்படியானால் அணுவுக்கு உள்ளே என்னவோ இருக்கிறது.

1909இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின்மீது ஆல்ஃபா துகள்களை ஏவினார்கள். பெரும்பாலானவை தகடே இல்லாததுபோல் ஊடுருவிப் போயின. ஆயிரக்கணக்கில் ஒன்று மட்டும் வந்த வழியே திரும்பியது. இந்தச் சொற்பத் திரும்பல்களை வைத்துக்கொண்டு 1911இல் ரூதர்ஃபோர்டு ஒரு முடிவுக்கு வந்தார்: அணுவின் நிறை அனேகமாக முழுவதும் நடுவில் ஒரு சின்னஞ்சிறு கருவில் இருக்கிறது, மீதி இடம் வெறுமை.

எவ்வளவு வெறுமை? மீனாட்சியம்மன் கோயிலின் வெளிமதில் வளைக்கும் பரப்பை ஓர் அணு என்று வைத்துக்கொண்டால், பொற்றாமரைக் குளத்தருகே வைத்த ஒரு கடுகுதான் அதன் கரு. கோயிலின் மொத்த எடையும் அந்தக் கடுகில். மற்ற இடமெல்லாம் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய வெளி. அவை கிரகங்கள்போல் வட்டப்பாதையில் ஓடுவதாகப் பள்ளிப் பாடநூல்களில் போட்ட படம் ஒரு வசதிக்காகத்தான். 1920களின் குவாண்டம் இயற்பியல் அந்தப் படத்தைக் கலைத்துவிட்டது.

கருவுக்குள் நேர்மின்னூட்டம் கொண்ட புரோட்டான்கள். அவற்றின் எண்ணிக்கைதான் ஒரு தனிமத்தை இன்னதென்று தீர்மானிக்கிறது: ஒன்றானால் ஹைட்ரஜன், 26 ஆனால் இரும்பு, 79 ஆனால் தங்கம். 1932இல் சாட்விக், மின்னூட்டமற்ற நியூட்ரானைக் கண்டார். 1964இல் கெல்மானும் ஸ்வைக்கும் தனித்தனியாக, புரோட்டானும் நியூட்ரானும்கூட அடிப்படைத் துகள்கள் அல்ல, குவார்க்குகளால் ஆனவை என்று முன்வைத்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஸ்டான்ஃபோர்டு சோதனைகள் அதற்குச் சான்று தந்தன. புரோட்டானில் 'மேல்' வகைக் குவார்க் இரண்டு, 'கீழ்' வகை ஒன்று. நியூட்ரானில் கீழ் இரண்டு, மேல் ஒன்று. எலக்ட்ரானுக்கு உட்பகுதி இருப்பதாக இதுவரை சான்றில்லை.

இந்த இடத்தில் 'இதெல்லாம் அன்றே தமிழன் சொன்னது' என்று மேடையில் ஒருவர் எழுந்திருப்பார். திருக்குறளைப் புகழ்ந்து ஔவையார் பேரில் வழங்கும் திருவள்ளுவமாலைப் பாடலில் அணுவைத் துளைப்பது பற்றிய ஓர் உவமை வருகிறது. அதைக் காட்டி அணுப்பிளவு வரைக்கும் போய்விடுவார்கள். குறளின் சுருக்கத்தை வியந்து சொன்ன உயர்வுநவிற்சியை ஆய்வகக் குறிப்பாக வாசிப்பது கவிதைக்கும் கேடு, விஞ்ஞானத்துக்கும் கேடு. ஆசீவகனின் அணு உள்ளே வெறுமையுள்ள அணு இல்லை; அவன் எலக்ட்ரானைச் சொல்லவில்லை. அவனுக்கும் ரூதர்ஃபோர்டுக்கும் பொதுவாக இருப்பது கேள்வி: கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி எந்த அதிகாரத்தில் பேசுவது? அவன் மயிர்க்கற்றையைக் காட்டினான், கடைசியில் தெய்வக்கண்ணிடம் போய் நின்றான். இவர் திரும்பி வந்த துகள்களை எண்ணிக் காட்டினார். யாரும் அதே சோதனையைச் செய்து எண்ணிப் பார்க்கலாம், தெய்வக்கண் தேவையில்லை. விஞ்ஞானத்தின் சனநாயகம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த 'யாரும் எண்ணிப் பார்க்கலாம்' என்பதில்தான் இருக்கிறது.

கோட்பாட்டளவில் யாரும். நடைமுறையில் அதற்கு ஆய்வுக்கூடமும் காசும் வேண்டும். நியூட்ரினோவுக்கு ஒரு மலையே வேண்டும்.

4

நியூட்ரினோ பிறந்தது கணக்குப் புத்தகத்தில். சில அணுக்கருக்களில் நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது ஓர் எலக்ட்ரான் வெளியேறுகிறது. வரவு செலவு பார்த்தால் ஆற்றல் குறைந்தது. 1930 டிசம்பரில் பவுலி, கண்ணுக்குப் படாத, மின்னூட்டமற்ற ஒரு துகள் மிச்சத்தைக் கொண்டுபோகிறது என்று ஊகித்தார். ஃபெர்மி அதைக் கோட்பாடாக்கினார். 1956இல்தான் ரெய்னஸும் கோவனும் அமெரிக்க அணுஉலை ஒன்றின் அருகே அதைப் பிடித்தார்கள்.

அடுத்த கேள்வி, இயற்கையில், விண்வெளிக் கதிர்கள் நம் காற்றுமண்டலத்தில் மோதும்போது உண்டாகிற நியூட்ரினோக்களைப் பார்க்க முடியுமா என்பது. தரைமட்டத்தில் முடியாது, மற்ற துகள்களின் இரைச்சலில் அது காணாமல் போய்விடும். மேலே கிலோமீட்டர் கணக்கில் பாறை இருந்தால் மற்றவை வடிகட்டப்படும். அப்படிப்பட்ட ஆழம் இந்தியாவில் கோலார் தங்கவயலில் இருந்தது. 1965இல் அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டரில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுக்களும் சேர்ந்து அதைப் பதிவு செய்தன. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரெய்னஸ் குழுவும் பதிவு செய்தது. துகள் இயற்பியல் வரலாற்றில் இந்தியா முன்வரிசையில் நின்ற தருணம் என்று சொல்வார்கள். உண்மைதான்.

அந்த 2.3 கிலோமீட்டரைத் தோண்டியது யார்? 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். பாறை வெடிப்பில் செத்தார்கள். கல்தூசு நுரையீரலை அடைத்துச் செத்தார்கள். விஞ்ஞானிகளுக்குக் கிடைத்த அந்த அமைதியான ஆழம் எண்பது வருட உழைப்பில் உண்டானது. அறிவியல் வரலாற்றில் அது 'வசதியாக ஏற்கெனவே இருந்த சுரங்கம்' என்று ஒரு வரியில் முடிகிறது.

இந்த ஆட்கள் வெறும் கைகளாக மட்டும் இருக்கவில்லை. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலில் மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. 1914இல் அவர் மறைந்த பிறகு அவருடைய எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக் காப்பாற்றியது தங்கவயலின் சித்தார்த்தா அச்சகம். 1926இல் 'தமிழன்' இதழ் அப்பாதுரையார் ஆசிரியத்துவத்தில் அங்கிருந்து மறுபடியும் வந்தது. பகலில் பாறையைக் குடைந்தவர்களின் குடியிருப்புகளில் தமிழ்ப் பௌத்தம் வாசிக்கப்பட்டது, வாதிடப்பட்டது. மணிமேகலையைத் தங்கள் மரபு என்று உரிமை கோரிய ஒரு சமூகம் அங்கே இருந்தது. அணுவைப் பற்றித் தமிழில் எழுந்த பழைய வாதத்தின் வாரிசுகள், அணுவுக்குள்ளிருந்து வந்த புதிய துகளுக்கு ஆழம் தோண்டிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து எழுதிய ஒரு வரலாற்று நூல் இருந்தால் அது நம் பாடத்திட்டத்தில் இருந்திருக்க வேண்டும். தங்கவயல் 2001இல் மூடப்பட்டது. ஆய்வுக்கூடம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போய்விட்டது.

5

அணு வாதத்திலிருந்து விலகிக் கட்டளையானது 1948இல் என்று சொல்லலாம். அந்த ஆண்டு அமைந்த இந்திய அணுசக்தி ஆணையத்தில் மூன்றே பேர்: ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர், கே.எஸ். கிருஷ்ணன். கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் படித்தவர்; 1928இல் ராமன் விளைவைக் கண்டதில் ராமனோடு உழைத்தவர். நம்ம ஊர்க்காரர் ஒருவர் அந்த மேசையில் இருந்தார் என்று பெருமைப்படலாம். ஆனால் அந்த மேசையைச் சுற்றிச் சட்டம் ஒரு திரையைப் போட்டது. 1948இன் சட்டமும் அதன் இடத்தில் வந்த 1962இன் சட்டமும் அணுவைப் பற்றிய தகவலை அரசின் இரகசியமாக வைத்துக்கொள்ள இடம் கொடுத்தன. 'யாரும் எண்ணிப் பார்க்கலாம்' என்ற அறிவு, 'நீ எண்ணாதே, நாங்கள் எண்ணிவிட்டோம்' என்ற நிர்வாகமாக மாறியது.

அறிவின் மொழியும் இதோடு சேர்ந்து பிரிந்தது. இலங்கையின் தமிழ்ப் பாடநூல்கள் எலக்ட்ரானை 'இலத்திரன்' என்றன. இங்கே 'எதிர்மின்னி' என்று ஒரு சாராரும் 'எலக்ட்ரான்' என்று பாடநூல்காரர்களும் எழுதினார்கள். பெ.நா. அப்புசாமி போன்றவர்கள் பல பத்தாண்டுகள் விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதினார்கள். சொல்லுக்குப் பஞ்சமில்லை. அந்தச் சொற்களில் ஒரு முடிவை எடுக்கவோ எதிர்க்கவோ வேண்டிய சபைதான் தமிழில் இல்லை.

கூடங்குளத்தில் இது வெடித்தது. 2011க்குப் பிறகு இடிந்தகரை மக்கள் கேட்டது எளிய கேள்விகள்: கழிவு எங்கே போகும், கடல் என்ன ஆகும், விபத்து நடந்தால் எந்தப் பக்கம் ஓடுவது? பதிலாக 2012 செப்டம்பரில் தடியடியும் கண்ணீர்ப்புகையும் வந்தன. ஆயிரக்கணக்கானவர்கள்மீது தேசத்துரோக வழக்குகள் வந்தன. அதற்குப் பின் தென்தமிழ்நாட்டில் 'அணு' என்றால் போலீஸ் என்று ஒரு பொருளும் சேர்ந்துகொண்டது.

6

இந்த நிழலில்தான் பொட்டிப்புரம் வருகிறது. இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் பார்த்த இடம் நீலகிரியின் சிங்காரா. யானைகளின் வழித்தடம் என்பதால் 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை மறுத்தது. பிறகு போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் பக்கம். மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை. முடிவில் ஒரு பெரிய குகை. எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் பாறை. உள்ளே சுமார் 50,000 டன் காந்தமாக்கிய இரும்பு அடுக்குகள். 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இதன் ஆய்வு மையத்துக்கு மதுரைக்கு மேற்கே, காமராசர் பல்கலைக்கழகத்தை ஒட்டிய வடபழஞ்சியில் இடம் பார்த்தார்கள். கீழக்குயில்குடி சமணர் மலை அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம்.

இயற்பியலைப் பொறுத்தவரை விஞ்ஞானிகள் சொன்னது சரி. அந்தக் கருவி நியூட்ரினோவை உண்டாக்காது, வானத்திலிருந்து வருவதைப் பதிவு மட்டும் செய்யும். அது அணுஉலை இல்லை, கதிர்வீச்சு கிடையாது. மூவகை நியூட்ரினோக்களின் நிறைகள் எந்த வரிசையில் அமைந்துள்ளன என்பது அவர்கள் தேடிய விடை. 1998இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே சோதனை நியூட்ரினோவுக்கு நிறை உண்டென்று காட்டிய பிறகு உலகமே தேடுகிற விடை.

ஆனால் ஊரில் எழுந்த கேள்வி துகளைப் பற்றியது மட்டுமில்லை. மலையைக் குடைந்தால் தண்ணி எங்கே போகும்? வெடி வைத்தால் முல்லைப்பெரியாறுக்கு என்ன ஆகும்? வெட்டியெடுத்த கல்லை எங்கே கொட்டுவீர்கள்? வேலி போட்டால் ஆடு மாடு எங்கே மேயும்? 'நியூட்ரினோ தீங்கற்றது' என்பது இவற்றில் எதற்கும் பதில் இல்லை. விஞ்ஞானிகள் ஊர்களுக்கு வந்து விளக்கினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். விளக்குவது வேறு, வாதிடுவது வேறு. விளக்குகிறவர் தோற்பதற்குத் தயாராக வருவதில்லை.

சட்டத்தின் மொழி இன்னும் விசித்திரமாக இருந்தது. 2015இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலையைத் தொடங்கக்கூடாது என்றது. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் அனுமதி மறுபடியும் தரப்பட்டபோது திட்டம் 'கட்டடம் மற்றும் கட்டுமானம்' என்ற வகையில் வைக்கப்பட்டது. அந்த வகைக்கு மக்களின் கருத்துக்கேட்பு கட்டாயமில்லை. மலைக்குள் குகை வெட்டுவது காகிதத்தில் கட்டடம் கட்டுவதாக ஆகிவிட்டது. அந்த மாதக் கடைசியில்தான் மதுரையில் அந்தத் தீ.

எதிர்ப்பாளர்களாகிய நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள், அமெரிக்காவிலிருந்து நியூட்ரினோக் கற்றையை இங்கே ஏவப் போகிறார்கள், இது ஆயுதம் என்றெல்லாம் பேச்சு பரவியது. மலைக்கும் தண்ணிக்கும் மேய்ச்சலுக்குமான வாதம் தன் காலிலேயே நிற்கக்கூடியது. அதற்குப் பொய்யான ஊன்றுகோல் தேவைப்படவில்லை. ஆனாலும் கூட்டம் சேர்க்க 'அணு' என்ற சொல்லின் பீதி சுலபமாக இருந்தது. இதை மக்களின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. உலையை நடத்திய அதே அணுசக்தித் துறைதான் ஆய்வகத்துக்கும் பின்னால் நின்றது. இரண்டையும் சனங்கள் ஒன்றாகப் பார்த்தார்கள் என்றால், நிர்வாகத்தைப் பொறுத்தவரை அவை ஒன்றாகத்தான் இருந்தன. இயற்பியலில் அவை வேறு என்பதைச் சொல்லும் கடமை விஞ்ஞானிகளுக்கு எவ்வளவு இருந்ததோ அவ்வளவு நமக்கும் இருந்தது.

2018 நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியை ரத்து செய்ய மறுத்து, தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்று சேர்த்துச் சொன்னது. 2021இல் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையையும் புலிகளின் வழித்தடத்தையும் காட்டி, திட்டத்துக்கு இடமில்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. மதுரையில் 85 டன் எடையுள்ள ஒரு சிறு மாதிரிக் கருவி 2018 முதல் துகள்களை எண்ணத் தொடங்கியது. அதே நிறை வரிசையைத் தேடும் சீனாவின் ஜூனோ 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது.

7

மலை தப்பியது நல்லது என்று நினைக்கிறவர்கள் நம்மில் பலர். ஒரு பெரிய அறிவு கைநழுவிப் போனது என்று வருந்துகிறவர்களும் உண்டு. இருவரும் தங்கள் கட்சியைச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். எதிர்க்கட்சியை அது ஒப்புக்கொள்ளும்படி எழுதிவைத்தவர்கள் இரண்டு பக்கத்திலும் எத்தனை பேர் என்பதே என் கேள்வி. நியூட்ரினோ என்றால் என்ன, அதை ஏன் தேடவேண்டும் என்று இயக்கத்தின் துண்டறிக்கை ஒன்று நேர்மையாக ஒரு பக்கம் ஒதுக்கியதா? ஒரு மலையை நம்பி வாழ்வது என்றால் என்ன என்று விஞ்ஞானிகளின் திட்ட அறிக்கை ஒரு பக்கம் எழுதியதா? ஆசீவகனை மறுத்த பௌத்தப் புலவன் அவனுடைய வைரத்தையும் மூங்கிலையும் மயிர்க்கற்றையையும் விடாமல் எழுதிவைத்தான். அதனால்தான் இன்று நாம் அவனோடும் இவனோடும் வாதாட முடிகிறது.

அணுவின் பேரில் இன்னும் திட்டங்கள் வரும். அவற்றை எதிர்க்கவேண்டியும் வரும். எதிர்க்கிற நேரத்தில் நமக்கு எலக்ட்ரானும் தெரிந்திருக்க வேண்டும், ஆட்டு மந்தையின் பாதையும் தெரிந்திருக்க வேண்டும். தங்கவயலில் இறங்கியவர்களுக்கு மேசையில் இடம் இல்லை. பொட்டிப்புரத்துக்காரர்களுக்குக் கருத்துக்கேட்புக்கூடக் கட்டாயமில்லை என்றானது. தோண்டுகிறவரும் மேய்க்கிறவரும் வாதியாக உட்காரும் ஒரு சபையைத் தமிழில் கூட்டுவது நம்மைப் போன்ற எழுதுகிறவர்களின் வேலை. அதைச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் ஒரு உடம்பு எரிந்த பிறகு இரங்கற்பா எழுதிக்கொண்டிருக்க முடியாது.